கல்லும் தகரமும்

மலைத்தோட்டத்துத் துரைமார் கட்டிய கோயில் என்றதுமே கருங்கல் சுவரும், வண்ணக் கண்ணாடிச் சன்னலும், பக்கத்தில் பாசி படர்ந்த கல்லறைகளும் கண்ணில் வந்துவிடும். உதகையில் அப்படித்தான். மூணாற்றிலும் அப்படித்தான். இலங்கையில் நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் அப்படித்தான். மலேசியாவில் கேமரன் மலைக்கு வருகிறவர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில் இருக்கிற சகல ஆத்துமாக்கள் ஆலயத்தைப் பார்த்ததும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. கல்லெடுத்துக் கட்டிய கோயில் இல்லை அது. பட்டாளத்தாரின் நெளிதகரக் கொட்டகை ஒன்றைத்தான் கோயிலாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு முகம் வாடவில்லை. கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். தகரக் கூரையின் கீழ்தான் தூங்கினோம், படித்தோம், சாமி கும்பிட்டோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அதே தேயிலை, அதே ஆட்சி, அதே ஜெபப் புத்தகம். மற்ற மலைகளில் எல்லாம் கல்லாக இருக்க, இங்கே மட்டும் ஏன் தகரம்? இந்தக் குறிப்புகள் அதைச் சுற்றித்தான்.

*

மூணாற்றுக் கதையை முதலில் எழுதிவிடுகிறேன். மனத்தை விட்டுப் போகாத கதை அது.

கண்ணன் தேவன் மலைத்தோட்டங்களின் முதல் பொது மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட். அவருடைய மனைவி எலினர் இசபெல் மே. கல்யாணமான கையோடு இந்தியாவுக்கு வந்தவர். மலையேறி வந்த சில நாளிலேயே காலரா கண்டு, 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வருவதற்குள் இறந்துபோனார். வயது 24. மேட்டு நிலம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘நான் செத்தால் என்னை இங்கே புதையுங்கள்’ என்று கணவரிடம் அவர் சொல்லியிருந்ததாக அங்கே இன்றும் சொல்கிறார்கள். அந்த மேட்டிலேயே புதைத்தார்கள். பிறகு மற்றவர்களையும் அதே மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறைகள் பெருகின. கோயிலுக்கு அடிக்கல் விழுந்தது 1910இல். 1911இல் கட்டி முடித்தார்கள். சாதாரணமாகக் கோயில் முதலில் வரும், கல்லறைத் தோட்டம் பின்னால் வரும். மூணாற்றில் ஒரு பெண்ணின் குழி முதலில் வந்தது, 16 ஆண்டு கழித்துக் கோயில் அதன் காலடிக்கு வந்து சேர்ந்தது.

கருங்கல் கோயில். உள்ளே சுவர்களில் இறந்துபோன துரைமார்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இருக்கிறது. தமிழிலும் ஆராதனை நடக்கிறது. அந்தப் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்து தமிழில் பாடுகிறவர்கள் பலர், அந்தத் துரைமாரின் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களின் பேரன் பேத்திகள்.

பிரிய மனமில்லாத ஒரு கணவனின் துக்கம் அந்தக் கல்லில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. துக்கத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. செத்தவர்களை ஓரிடத்தில் வைத்து, மேலே கல்லை எழுப்பி, பெயரையும் பொறித்துவிட்டால், ‘நாங்கள் இங்கேதான் இருப்போம்’ என்று சொன்னது போல் ஆகிவிடுகிறது. உதகையில் அந்தத் தொனி இன்னும் உரக்கக் கேட்கிறது. அங்கே புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். 1831இல் ஈஸ்டர் ஞாயிறன்று ஆராதனைக்குத் திறந்தார்கள். கூரையைத் தாங்கும் பெரிய மரங்கள், சீரங்கப்பட்டணத்தில் இடித்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. தோற்ற அரசனின் உத்தரம் ஜெயித்தவர்களின் கோயிலுக்குக் கூரை மரமானது.

*

கேமரன் மலைக்கு வெள்ளையர் வந்தது தாமதமாக.

வில்லியம் கேமரன் என்கிற அளவையாளர் 1885இல் பகாங், பேராக் எல்லைக் காட்டை அளந்து வந்தபோது இந்த மேட்டு நிலத்தைக் கண்டதாக எழுதிவைத்தார். மறு ஆண்டே இறந்துபோனார். அப்புறம் நாற்பது ஆண்டுகள் இந்த மலை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையேறி வந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்கியது. தாப்பாவிலிருந்து சாலை மேலேறியது 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். உலகமே பண நெருக்கடியில் விழுந்த ஆண்டு அது. மூணாற்றுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய நாளில் இங்கே ஒரு தேயிலைச் செடிகூட இல்லை.

‘கண்டுபிடித்தார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. செமாய் மக்கள் இந்த மலையில் காலங்காலமாக இருக்கிறார்கள். எந்த ஆற்றில் எப்போது தண்ணீர் பெருகும், எந்த முகட்டில் எந்த மரம் காய்க்கும் என்பதெல்லாம் கேமரன் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். வழி காட்டவும் சுமை தூக்கவும் அவர்களைப் போன்றவர்கள் இல்லாமல் எந்த அளவையாளரும் இந்தக் காட்டுக்குள் போய்த் திரும்பியிருக்க முடியாது.

ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் ஊர் திரும்பாமல் இங்கேயே குடியிருக்கலாம் என்ற நினைப்பு 1930களில் பலமாக இருந்தது. இங்கிலாந்து கிராமத்தில் இருப்பதுபோல் மரச்சட்டம் போட்ட வீடுகளும் விடுதிகளும் எழுந்தன. குழிப்பந்து மைதானம் வந்தது. உறைவிடப் பள்ளிகள் வந்தன. மெல்ல மெல்லக் கல் கோயிலும் வந்திருக்கும். அதற்குள் 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கிவிட்டார்கள். போர் முடிந்து மூன்று ஆண்டுக்குள், 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கும் அவசரகாலம் வந்தது. மலைச்சாலையில் பட்டாளத்து வண்டியின் துணையோடு போக வேண்டிய காலம். அது ஓய்வதற்குள் 1957 ஆகஸ்ட் 31 வந்துவிட்டது. நாடு சுதந்திரமடைந்தது.

சகல ஆத்துமாக்கள் ஆலயம் எழுந்தது அதற்குப் பிறகு, 1950களின் இறுதியில். குடியேற வந்தவர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய நேரத்தில் அவர்களுக்கு ஒரு கோயில் கிடைத்தது. அந்த நேரத்தில் கல் உடைக்க யாருக்கும் பொழுதில்லை. கையில் கிடைத்தது தகரம்.

*

அந்தக் கொட்டகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாளத்துப் பொறியாளர் பீட்டர் நார்மன் நிஸ்ஸன் 1916இல், முதல் உலகப்போரின் நடுவில், அதை வடிவமைத்தார். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம். வளைந்த இரும்பு விலாக்கள், அவற்றின் மேல் நெளிதகரம். சுவர் தனி, கூரை தனி என்பதே கிடையாது. தரையிலிருந்து எழும் தகரமே வளைந்து மேலே போய் மறுபக்கம் இறங்கும். பிரித்தால் ஒரு லாரியில் அடங்கிவிடும். ஆறு ஆள் இருந்தால் நாலு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். சண்டை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், சண்டை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போக என்று பிறந்த கட்டடம் அது. நாற்பது ஆண்டு கழித்து, ஐயாயிரம் அடி உயரத்தில் மழை ஓயாத ஒரு மலையில், அப்படி ஒரு கொட்டகைக்குள் பீடமும் ஞானஸ்நானத் தொட்டியும் வந்தன.

தகரக் கூரையின் கீழ் மழைநாள் வழிபாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் தூரத்து முகட்டில் ஓர் இரைச்சல் எழும். அது நெருங்கி வந்து கூரையில் விழுந்ததும், பேசுகிறவரின் வாய் அசைவது மட்டும் தெரியும், குரல் கேட்காது. பழகிய போதகர் நிறுத்திவிடுவார். பழகாதவர் தொண்டையைக் கிழித்துக்கொள்வார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரி மணியை மட்டும் விடாமல் ஆட்டிக்கொண்டிருப்பார். மந்திரம் யாருக்கும் கேட்காது. கற்பூரம் சுற்றுவதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வோம். பேச்செல்லாம் மூழ்கிப்போன அந்தச் சில நிமிடங்களில்தான் நான் உண்மையாக ஏதாவது வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கல் கட்டடத்துக்குள் மழை எங்கோ வெளியில் பெய்யும். தகரத்துக்குள் அது தலைக்கு மேலேயே பெய்யும்.

*

கோயிலுக்கு இடம் கொடுத்தவர் ஆன் லாஹார்ன் ஃபிலிப்ஸ் கிரிஃபித்-ஜோன்ஸ் என்கிற ஆசிரியை. 1925இல் சிங்கப்பூரில் தங்ளின் பள்ளியைத் தொடங்கியவர். வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏழெட்டு வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது அந்தக் கால வழக்கம். அனுப்பிய தாய்மார் ஆண்டுக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காமல் கிடப்பார்கள். அதற்கு ஒரு மாற்றாக 1934இல் கேமரன் மலையில் உறைவிடப் பள்ளி ஒன்றை அவர் நடத்தத் தொடங்கினார். குளிர்ந்த மலை, பெற்றோர் வந்து பார்க்கிற தூரம். ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் மற்ற வெள்ளையரோடு சிறைவைக்கப்பட்டார். உயிரோடு மீண்டு வந்து மறுபடி பள்ளி நடத்தினார். கடைசியில் இந்த மலையையே தன் ஊராக்கிக்கொண்டார்.

அந்த அம்மையாரை நினைக்கும்போது மரியாதை வருகிறது. கூடவே ஒரு கனமும் வருகிறது. பிள்ளையைப் பிரிகிற தாயின் வலி அவருக்குத் தெரிந்திருந்தது. அதே மலையில், அதே ஆண்டுகளில், விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடுகிற தாய்மார் கைக்குழந்தையைப் பிள்ளைக்கொட்டகையில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவேறினார்கள். அந்தப் பிரிவு எட்டு மணி நேரம்தான். ஆனாலும் பால் கட்டும். இரண்டு வலியையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

*

கல் கோயில்களில் நம்மவர் கை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது.

பினாங்கில் 1818இல் முடிந்த புனித ஜார்ஜ் ஆலயம் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. சிங்கப்பூரில் புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்களும் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். வங்காளத்தார், பம்பாய்க்காரர்களோடு சென்னை மாகாணத்தாரும் அவர்களில் உண்டு. 1856இல் வேலை தொடங்கியது. அந்தப் பேராலயத்தின் உள்சுவரும் தூண்களும் மின்னுவதற்குக் காரணம் சென்னைச் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பைக் குழைத்து, முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, பூசிக் காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளுமை தெரியும்.

கையில் விலங்கு மாட்டி வந்தவன், ஊரில் கற்ற வேலையை மறக்காமல், தன்னுடையதல்லாத ஒரு கோயிலின் சுவரைக் கண்ணாடியாக்கிவிட்டுப் போயிருக்கிறான். அவன் பெயர் அங்கே எந்தத் தகட்டிலும் இல்லை. சுவர் மட்டும் இன்னும் மின்னுகிறது.

கேமரன் மலையிலும் கல் உடைத்தவர்கள் இருந்தார்கள். காட்டை அழித்து, வழி வெட்டி, சரிவில் செடி நட்டவர்களில் பெரும் பங்கு தமிழர். கங்காணி முறையில் திரட்டப்பட்டவர்கள், கித்தாத் தோட்டங்களிலிருந்து மேலேறி வந்தவர்கள், ஊரிலிருந்து நேரே வந்தவர்கள் என்று பல வழி. 1938இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை வரத்து இருந்தது. அவர்கள் உடைத்த கல் சாலைக்கும் தொழிற்சாலை அடித்தளத்துக்கும் போயிற்று. தங்களுக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றோ இரண்டோ கல். அதைச் சாமியாக நட்டார்கள்.

*

தோட்டத்துக் கோயில் ஒன்றின் கதையை ஒரு பாட்டியிடம் கேட்டேன். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்றவர். விரல் நுனிகளில் கறை இன்னும் போகவில்லை.

“மொதல்ல ஒரு கல்லுதான் தம்பி. எங்க தாத்தா ஆத்துலேருந்து தோள்ல தூக்கியாந்தாரு. அந்தா அந்த மரத்தடியில வச்சாங்க. மஞ்சளப் பூசி வேப்பிலையச் சொருகி, அம்மான்னு கும்புட்டாங்க.”

“கூரை எப்பம்மா போட்டீங்க?”

“சப்பானியன் போனப்புறம். மழையில அம்மா நனையறாளேன்னு எல்லாரும் துரைகிட்ட போய் நின்னாங்க. பழைய தகரம் குடுத்தாரு. பத்துத் தகரம். ஆம்பளைங்க ஒரு ஞாயித்துக்கெழமையில அடிச்சு முடிச்சிட்டாங்க.”

இன்று அந்தக் கோயிலுக்குச் சிமெண்டுச் சுவர் இருக்கிறது. வண்ணம் பூசிய சிறிய கோபுரம் இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். உள்ளே மூலவராக இருப்பது தாத்தா தூக்கி வந்த அதே ஆற்றுக்கல்தான். வெள்ளிக் கவசம் சாத்தியிருக்கிறார்கள்.

துரைமார் தங்கள் கோயிலுக்குக் கல்லால் வெளிச்சுவர் எழுப்பினார்கள். நம்மவர்களின் கல் கோயிலுக்குள்ளே, நடுவில் இருந்தது. சுற்றிலும் ஓலையோ தகரமோ, எது கிடைத்ததோ அது. செத்த வீரனுக்குக் கல் நட்டுப் படையல் வைத்த பழக்கம் தமிழில் மிகப் பழையது. அந்தக் கல்லுக்குக் கூரை இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

“இந்த எடம் யாருதும்மா?” என்று பாட்டியிடம் கேட்டேன்.

“கம்பெனி எடந்தான். கேட்டுக்கிட்டுத்தான வச்சோம்.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“எழுத்து எங்க தம்பி? வாயால சொன்னதுதான். நல்ல துரை அவரு.”

*

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. பாங்காக்கில் பட்டு வியாபாரம் செய்து பேர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகே நண்பர்களின் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். காலையில் எல்லோருமாகச் சகல ஆத்துமாக்கள் ஆலயத்தில் ஈஸ்டர் ஆராதனைக்குப் போனார்கள். பிற்பகலில் மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போது அவர் வெளியே நடந்தார். அவ்வளவுதான். போலீசார், பட்டாளத்தார், செமாய் வழிகாட்டிகள் என்று பலரும் பல நாள் தேடினார்கள். சட்டைத் துணிகூட அகப்படவில்லை.

அந்த ஆலயத்தின் பெயர் வெளியுலகில் அடிபடுவது பெரும்பாலும் இந்தக் கதையால்தான். எனக்கு மர்மத்தில் பெரிய நாட்டமில்லை. கல்லறை வெறுமையாக இருந்தது என்ற செய்தியைக் காலையில் கேட்ட ஒருவரின் உடல், மாலையில் எங்கும் இல்லாமல் போயிற்று. அதை நினைக்கும்போதெல்லாம் அவருடைய வீட்டாரை நினைத்துக்கொள்கிறேன். புதைக்க ஓர் உடல் இல்லாதவர்களின் துக்கத்துக்கு முடிவே வராது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோன தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் படைவீரர்களுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, புல் வெட்டி, பூச்செடி வைத்து. அதே பாதையில் செத்த தமிழனுக்குத் தன் பெயரில் ஒரு கல் கிடையாது. எந்த மைலில் விழுந்தான் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. திதி கொடுக்க நாள் தெரியாமல் ஆடி அமாவாசையில் சேர்த்துக் கொடுத்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தானோ என்னவோ, அந்தத் தகரக் கோயிலை ஒரு புனிதரின் பெயரில் வைக்காமல் இறந்த எல்லாருக்குமாக வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நவம்பர் 2 கிறிஸ்தவர்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் நாள். அதில் எங்கள் ஆட்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ள எனக்குத் தடையேதும் தெரியவில்லை.

*

மூணாற்றுக்குத் திரும்பவும் மனம் போகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 70 பேர் போனார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் கயத்தாறு. கிடைத்த உடல்களை ராஜமலையில் அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டு வந்தால் உறவினர்கள் அங்கே வந்து பூ வைத்து அழுதுவிட்டுப் போகிறார்கள்.

எலினரின் மேட்டையும் ராஜமலையையும் ஒப்பிட்டு நியாயம் பேச வரவில்லை. 24 வயதுப் பெண்ணின் சாவு சாவுதான். ஒரு மலையோடு மனிதர்களைக் கட்டிப்போடுவது அங்கே புதைத்த ஆட்கள் என்பது இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிகிறது. நைட்டுக்கு அந்த மேடு எப்படியோ, கயத்தாற்றுக்காரர்களுக்கு ராஜமலை அப்படி. வேலை போகலாம், லயத்தைக் காலி செய்யச் சொல்லலாம். புதைத்த இடத்தை எப்படிக் காலி செய்வது?

*

என் பழைய கேள்விக்குப் பதில் வேறு பக்கமிருந்து வந்தது. கல்லா தகரமா என்று கேட்டுக்கொண்டிருந்ததில், அடியில் இருக்கிற மண்ணை நான் பார்க்கவில்லை.

நாலு மணி நேரத்தில் நிறுத்தி, வேண்டாதபோது கழற்றிப்போட என்று செய்த கொட்டகை அறுபது ஆண்டுக்கும் மேலாக நிற்கிறது. கட்டியவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஆராதனைக்கு வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். மறைமாவட்டத்தின் பெயரே மாறி, 1970இல் மேற்கு மலேசிய மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. ஆனாலும் யாரும் அந்தக் கொட்டகையை ‘எடு’ என்று சொல்ல முடியாது. ஓர் ஆசிரியை கொடுத்த நிலம் அது. தகரத்துக்கு ஆயுள் கொடுத்தது அந்தக் கொடை. மாறாக, நம் தோட்டத்துக் கோயிலில் சிமெண்டும் கோபுரமும் வெள்ளிக் கவசமும் இருக்கலாம். நிலம் கம்பெனியுடையது. இந்த நாட்டு நிலச் சட்டத்தில் பதிவுதான் உரிமை. எத்தனை தலைமுறை கும்பிட்டோம் என்பது பதிவேட்டில் ஏறாது. ‘நல்ல துரை’ வாயால் சொன்னதும் ஏறாது. தோட்டம் கைமாறினால், வீட்டுமனையாகவோ விடுதியாகவோ போனால், புதிதாக வந்தவருக்கு அது அவர் நிலத்தில் நிற்கிற ஒரு கட்டடம்தான். தீவக்கற்பத்தின் கித்தாத் தோட்டங்களில் இப்படி இடம் பெயர்ந்த கோயில்கள் எத்தனையோ. இடுகாடுகளின் கதை அதைவிட மோசம். மேட்டில் இரண்டு செம்மண் குவியலும் ஒரு சூலமும் தவிர அடையாளம் இல்லாத இடத்தை யார் இடுகாடு என்று ஒத்துக்கொள்வார்கள்?

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் நம்மிடையே இருந்தார். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடல் என்று அந்தக் காலத்தை இன்றும் பெரியவர்கள் பயத்தோடு சொல்வார்கள். வேலையும் லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் போயின. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். கூலி எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளியின் கனம் தெரியும். கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தொழிலாளர்களின் சங்கமே விலைக்கு வாங்கியது. கேமரன் மலையில் ஓர் அம்மையார் கோயிலுக்கு நிலம் கொடுத்த அதே காலகட்டம் அது. அங்கே ஒருவர் மனமுவந்து கொடுத்தார். இங்கே லட்சம் கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தன. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது ஒன்றே, காலடி மண் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும்.

தேயிலை மலை துண்டாடலுக்குத் தப்பியது. போ இன்றும் ரஸ்ஸல் குடும்பத்தாரிடமே இருக்கிறது. ஆகவே இங்கே அவசரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொழுந்து கிள்ளும் வேலையும் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர் கைக்குப் போய்விட்டது. தமிழ்க் குடும்பங்கள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கீழே ஈப்போவிலும் வீடு வாங்கிப் போகிறார்கள். நல்லதுதான், போகட்டும். ஆட்கள் போன பின் கோயிலும் இடுகாடும் மட்டும் தோட்டத்தில் நிற்கும். அப்போது கேட்டால் ‘யாருக்காக?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய காலம் இது. கோயில் நிற்கிற துண்டையும் இடுகாட்டையும் அளந்து, தனியாகப் பிரித்து, ஆலய நிர்வாகத்தின் பெயரில் பதிவு செய்து தரும்படி கம்பெனியிடமும் மாவட்ட நில அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். கொடுத்த முன்னுதாரணம் இதே மலையில், ஒரு தகரக் கொட்டகையின் அடியில் இருக்கிறது.

பாட்டியின் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆலயக் குழுத் தலைவர் அவர்தான். “கூட்டத்துல வைக்கிறேன் அண்ணே, மனுவ நீங்க எழுதிக் குடுங்க” என்றார். ஒப்புக்கொண்டிருக்கிறேன். மனுவோடு ஒரு வரைபடம் வேண்டும். கோயிலுக்கு எல்லை தெரிகிறது, சுற்றிலும் வேலி இருக்கிறது. இடுகாட்டின் மேற்கு எல்லை எதுவரை என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஓடை வரைக்கும் என்கிறார் ஒருவர், அதற்குமுன் இருந்த மூங்கில் புதர் வரைக்கும் என்கிறார் இன்னொருவர். அந்தப் புதர் இப்போது இல்லை. மழை விட்டதும் பாட்டியை ஒரு வண்டியில் மேலே அழைத்துப்போய், தன் மாமியாரைப் புதைத்த இடத்தை அவரே காட்டச் சொல்லி, அங்கிருந்து அளக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.